திரையில் 400, அலமாரியில் 260

உற்பத்தித் திட்டமிடலுக்கான புது மென்பொருள் ஓடத் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்த ஒரு பம்ப் தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். திரையில் 400 பேரிங் இருப்பு காட்டியது. ஸ்டோர்ஸில் எண்ணிப் பார்த்தால் 260. "சிஸ்டம் தப்பு சார்" என்றார் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர்.

சிஸ்டம் சரியாகத்தான் கழித்திருந்தது. ஒரு பம்ப் முடிந்ததாகப் பதிவானதும் அதற்குரிய பேரிங்குகள் இருப்பிலிருந்து தானாகக் குறையும்படி அமைத்திருந்தார்கள். பொருத்தும்போது பழுதானவற்றையும் இரவு ஷிப்டில் சர்வீஸுக்கு எடுத்தவற்றையும் யாரும் பதியவில்லை. அதற்கு இடமே வைக்கவில்லை என்பதுதான் உண்மை.

1964-இல் பொறியாளர் ஜோசப் ஆர்லிக்கி உருவாக்கிய எம்ஆர்பி (பொருள் தேவைத் திட்டமிடல்) முறைதான் இன்றைய திட்டமிடல் மென்பொருள் பலவற்றுக்கும் அடிப்படை. எதை எப்போது செய்யப்போகிறோம், ஒவ்வொன்றிலும் என்னென்ன உதிரிகள், கையில் எவ்வளவு இருப்பு என்ற மூன்றையும் வைத்து, எதை எப்போது வாங்கவேண்டும் என்று அது கணக்குப் போடும். கூட்டல் கழித்தல்தான். ஆனால் கொடுக்கும் எண்ணை அது சந்தேகிக்காது. சப்ளையர் 30 நாள் எடுக்கும் பொருளுக்கு 10 நாள் என்று பதிந்திருந்தால், ஆர்டரையும் 20 நாள் தாமதமாகத்தான் போடச் சொல்லும்.

"எங்கள் ஸ்டாக் 95 சதவீதம் சரி" என்று பெருமையாகச் சொல்வார்கள். சரி, ஒரு பம்புக்கு 10 உதிரி என்று வைத்துக்கொள்வோம். பத்தின் கணக்கும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கும் வாய்ப்பு 60 சதவீதம்தான். 0.95-ஐப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள்.

அதனால் மென்பொருள் விற்பவரைக் கூப்பிடும் முன்பே தினசரி எண்ணும் பழக்கத்தைத் தொடங்கச் சொல்வேன். வருடக் கடைசியில் ஆலையை மூடி எண்ணுவதைவிட, தினமும் பத்திருபது பொருள், விலை உயர்ந்தவற்றை அடிக்கடி. வித்தியாசம் வந்தால் எண்ணைத் திருத்திவிட்டுப் போகாமல் காரணத்தைத் தேடவேண்டும். பாதி நேரம் காரணம் அற்பமாக இருக்கும்: கம்பியைக் கிலோவில் வாங்கி மீட்டரில் கொடுத்திருப்பார்கள்.

அந்தத் தொழிற்சாலையில் அசெம்பிளி மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு பார்கோடு ஸ்கேனரும் கழிவுப் பெட்டியும் வைத்தோம். பெட்டியில் போடும் முன் ஒரு ஸ்கேன், அவ்வளவுதான். இருப்புக் கணக்கு சில வாரத்தில் நேரானது. திட்டமிடுபவர் தனியாக வைத்திருந்த எக்செல் ஷீட்டை மூடத்தான் ஏழு மாதம் ஆனது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், திரையை நம்பி ஒருமுறை லைன் நின்றது அவருக்குத்தானே தெரியும்.