சேர்க்கையைத் தேடும் மரபணு

கடலூர் மஞ்சக்குப்பத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ ஏதேனும் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் அறை வாசலில் சிறிது நேரம் நின்றால் இரண்டு பேச்சுகள் காதில் விழும். வகுப்புக்கு மட்டம் போட்டோ, அடிதடியிலோ, புகையிலைப் பொட்டலத்தோடோ பிடிபட்ட பையனுக்காக வந்திருப்பார்கள். "என் பையன் நல்லவன்தான் சார், சேர்க்கைதான் சரியில்லை" என்பார் அம்மா. கூட வந்த பாட்டி, "அப்படியே அப்பன் புத்தி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். ஒருவர் தெருவின் மேல் பழி போடுகிறார், இன்னொருவர் ரத்தத்தின் மேல். இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. ஆனால் இரண்டும் தனித்தனியே வேலை செய்வதில்லை. ஒன்று மற்றொன்றைக் கைப்பிடித்து அழைத்து வருகிறது.

ரத்தத்தின் பங்கை அளக்க ஆய்வாளர்கள் இரட்டைப் பிள்ளைகளிடம் போகிறார்கள். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய முழுதும் ஒன்றே. இரு வேறு கருக்களிலிருந்து பிறந்தவர்கள் சாதாரண அண்ணன் தம்பி அளவுக்குத்தான் ஒத்திருப்பார்கள். இருவகையினரும் வளர்வது ஒரே வீடு, ஒரே தெரு, ஒரே சோறு. அப்படியிருந்தும் சண்டை, திருட்டு, பொய் போன்றவற்றில் ஒருகரு இரட்டையர் மேலும் நெருக்கமாக ஒத்துப்போனால், அந்தக் கூடுதல் ஒற்றுமையை மரபணுவின் கணக்கில்தான் எழுத வேண்டும். சூ ரீ, இர்வின் வால்ட்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இரட்டையரையும் தத்துப்பிள்ளைகளையும் பற்றிய 51 ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளியிட்டார்கள். சமூக விரோத நடத்தையில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் 41 சதவீதம் மரபணுவால், 16 சதவீதம் பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் வீட்டுச் சூழலால், 43 சதவீதம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே வாய்க்கும் அனுபவங்களால் என்று கணக்கு வந்தது. அளவிடும்போது நேரும் பிழையும் அந்தக் கடைசிப் பங்கில்தான் அடங்கும்.

இந்த 41ஐ மிகச் சுலபமாகத் தப்பாகப் படித்துவிடலாம். ஒரு பையனின் கெட்ட குணத்தில் 41 சதவீதம் அப்பாவிடமிருந்து வந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆயிரக்கணக்கானோரை வரிசையில் நிறுத்தினால் அவர்களுக்குள் ஏன் இத்தனை வேறுபாடு என்பதற்கான விளக்கம் அது. தனி ஒரு பையனைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

அடிதடிக்கென்று தனி மரபணுவும் கிடையாது. 2021இல் ஏறத்தாழ 15 லட்சம் பேரின் தரவுகளைக் கொண்டு நடந்த ஆய்வு, கவனக்குறைபாடு, மதுச் சிக்கல், துணிந்து ஆபத்தில் இறங்குதல் போன்றவற்றோடு பொதுவாகத் தொடர்புடைய 579 இடங்களை மரபுத்தொகுதியில், அதாவது மனிதனின் மொத்த மரபணுத் தொகுப்பில், கண்டது. ஒவ்வொன்றின் விளைவும் கடுகளவுகூட இல்லை. அவை சேர்ந்து தருவதெல்லாம் பொறுமைக் குறைவு, புதியதைத் தேடும் ஆசை, உடனே கிடைக்கும் இன்பத்தின் பக்கம் சாயும் மனம் ஆகியவைதான். அந்த ஆய்வுக்கு உட்பட்டவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதால், அதை வைத்து நம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட முடியாது. எச்சிலைச் சோதித்துப் பிள்ளையின் குணத்தைச் சொல்கிறோம் என்று யாராவது வந்தால் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

இனிச் சேர்க்கைக்கு வருவோம். எட்டு வயதுப் பிள்ளைக்கு நண்பன் என்றால் பக்கத்து வீட்டுப் பையன், இல்லையென்றால் வகுப்பில் அருகே உட்காருபவன். தேர்வு அவன் கையில் இல்லை. பதினைந்து வயதில் அப்படியல்ல. பஸ் ஏறத் தெரியும், கையில் செல்போன் இருக்கும். தன் வேகத்துக்கு ஈடுகொடுப்பவனை அவனே தேடிக்கொள்கிறான். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து ஆண் இரட்டையரைப் பற்றி கென்னத் கெண்ட்லர் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது. கூட்டாளிகள் எவ்வளவு தடம் புரண்டவர்கள் என்பதில் பையனின் சொந்த மரபணுவின் பங்கு 8 முதல் 11 வயதில் சுமார் 30 சதவீதம், பிற்காலத்தில் சுமார் 50 சதவீதம். சேர்க்கையை வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட நோய் போலப் பேசுகிறோம். அதில் கணிசமான பங்கு பையன் தானே தேர்ந்தெடுத்தது.

எல்லாமே விரும்பித் தேர்ந்ததும் அல்ல. எடுத்ததற்கெல்லாம் கோபப்படும் சிறுவனை ஆசிரியர் அடிக்கடி வெளியே நிறுத்துகிறார், அமைதியான பிள்ளைகள் விளையாட்டில் சேர்ப்பதில்லை. எட்டாம் வகுப்புக்குள் அவனுக்கு மிஞ்சுவது அவனைப் போலவே ஒதுக்கப்பட்ட நாலு பேர்தான்.

கூடிய பிறகு நடப்பது வேறு கதை. தேவனாம்பட்டினம் சில்வர் பீச் சாலையில் ஞாயிறு மாலை நின்று பார்த்தால் தெரியும். தனியாக வண்டி ஓட்டி வரும் பையன் வேகத்தடை கண்டதும் பிரேக் பிடிக்கிறான், சைடு ஸ்டாண்டைக்கூட ஒருமுறை குனிந்து பார்க்கிறான். அதே வயதுப் பையன், பின்னால் இருவர் உட்கார்ந்து, பக்கத்து வண்டியில் ஒருவன் செல்போனில் படம் பிடித்தபடி வரும்போது, முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கிறான்.

மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, 306 பேரைக் கணினியில் கார் விளையாட வைத்தது. மஞ்சள் விளக்கு எரிகிறது, நிறுத்துவதா, இன்னும் கொஞ்சம் ஓட்டிப் புள்ளி சேர்ப்பதா? தனியாக ஆடியபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைவிட அப்படியொன்றும் துணிந்துவிடவில்லை. நண்பர்கள் உடன் இருந்தபோது எகிறிவிட்டார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்தப் பாதிப்பு ஏறக்குறைய இல்லை. 2011இல் ஸ்டைன்பெர்க் குழுவினர் இதே போன்ற விளையாட்டை மூளை ஸ்கேன் எடுத்தபடி நடத்தினார்கள். நண்பர்கள் அடுத்த அறையிலிருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்ததுமே, வெகுமதியை எதிர்பார்த்துத் துடிக்கும் மூளைப்பகுதி பதின்பருவத்தினரிடம் கூடுதலாக இயங்கியது. அந்தப் பகுதி இந்த வயதில் உச்ச வேகத்தில் இருக்கிறது. அதற்குக் கடிவாளம் போடும் நெற்றிப்பகுதி மூளையோ இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது.

இவ்வளவும் தெரிந்தபின் பெற்றோர் கேட்பது, எங்களால் என்ன ஆகும் என்றுதான். பின்லாந்து இரட்டையர் ஆய்வுகளில் எனக்கு மிகப் பிடித்த பதில் இருக்கிறது. டேனியல் டிக் குழு 2007இல் 14 வயதுப் பிள்ளைகளின் புகைப்பழக்கத்தைப் பார்த்தது. பிள்ளை எங்கே, யாரோடு இருக்கிறான் என்று பெற்றோருக்குத் தெரிந்த வீடுகளில் மரபணுவின் பங்கு வெகுவாகக் குறைந்தது, தெரியாத வீடுகளில் ஓங்கியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளில் ஆண்டுதோறும் கவாத்து செய்தால் மரங்கள் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கும், விட்டுவிட்டால் அதனதன் வித்து வெளியே தெரியும். அதுபோலத்தான் இதுவும். மரபணு எவ்வளவு பேசும் என்பதைச் சூழல் கொடுக்கும் இடம் தீர்மானிக்கிறது. பின்லாந்திலேயே இன்னொரு ஆய்வில், பதின்பருவத்தினரின் குடிப்பழக்கத்தில் மரபணுவின் கை கிராமத்தைவிட நகரத்தில் ஓங்கியிருந்தது. கிடைப்பது எளிது, கவனிக்கும் கண்கள் குறைவு.

நம் ஊருக்கு இது அந்நியமான சேதி அல்ல. தமிழ்நாட்டில் மது வாங்கும் வயது 21, புதுச்சேரியில் 18. கடலூரிலிருந்து தென்பெண்ணைப் பாலம் தாண்டி, முள்ளோடை எல்லையைக் கடந்துவிட்டால் விதி மாறிவிடுகிறது. இந்த எல்லையோரம் பிள்ளை வளர்ப்பவர்களுக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குப் பையன் எங்கே என்ற கேள்வியின் எடை அதிகம். அதை வேவு பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அவனே சொல்லும்படியான உறவு வீட்டில் இருந்தால்தான் தெரியும். வண்டிச் சாவி விஷயத்தில் மட்டும் தயவு காட்டக் கூடாது. 18 வயதாகாத பையன் ஓட்டிப் பிடிபட்டால், 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.

பெரும்பாலோர் இந்த வயதைக் கடந்ததும் தாமே அடங்கிவிடுகிறார்கள் என்பதை உளவியலாளர் டெர்ரி மோஃபிட் 1993இலேயே எடுத்துக்காட்டினார். சிறுவயதிலிருந்தே தொடங்கி வாழ்நாள் முழுதும் நீளும் வகை மிகச் சிறியது.

என் கவலை நம் பள்ளிகளைப் பற்றியது. சொல்பேச்சு கேளாத பையன்களையெல்லாம் ஒரே பிரிவில் போடுவது, ஒரே பெஞ்சில் உட்கார வைப்பது, மாலையில் அவர்களுக்கென்று தனி வகுப்பு எடுப்பது என்று நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். அமெரிக்காவின் ஓரிகனில் தாமஸ் டிஷன் குழு பதின்வயதுப் பையன்களை இருவர் இருவராகப் பேசவிட்டுப் படம் பிடித்தது. விதி மீறிய பேச்சுக்கு எந்த ஜோடிகளில் சிரிப்பு கிடைத்ததோ, அவர்களிடம் பின்னாளில் குற்றச்செயல் கூடியது. அந்தச் சிரிப்புதான் பாடம். டிஷன், ஜோன் மெக்கார்ட், பிரான்சுவா பூலின் மூவரும் 1999இல் எழுதிய கட்டுரை, மாசசூசெட்ஸில் 1939இல் தொடங்கிய ஒரு பெரிய உதவித் திட்டத்தையும் அலசியது. சிறுவர்களைத் திருத்துவதற்காகக் கோடை முகாமுக்கு அனுப்பினார்கள். ஒரு தடவைக்கு மேல் போனவர்கள், எந்த உதவியும் பெறாத சிறுவர்களைவிடப் பின்னாளில் மோசமாகப் போயிருந்தார்கள்.

ஆகவே கடைசிப் பெஞ்சைக் கலைத்துவிட வேண்டும். நாலு பேரை நாலு இடத்தில், நாலு விதமான பிள்ளைகளுக்கு நடுவே உட்கார வையுங்கள். வாலிபால் குழுவிலும் சாரணர் அணியிலும் கலந்தே சேருங்கள், அங்கே பெரியவர் ஒருவர் நிற்கட்டும். இதற்கு அரசாணை எதுவும் வேண்டியதில்லை, வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு இடம் மாற்றி உட்கார வைக்க ஒரு பாட வேளை போதும்.