தண்ணீர் ஊற்றினால் கலங்கும் மருந்து

வலிப்புக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் டயசிபாம் ஊசிமருந்து குப்பிக்குள் தெளிவாக இருக்கும். அதில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்தால் பால்போலக் கலங்கிவிடும். தண்ணீர் கூடக்கூட நன்றாகக் கரையத்தானே வேண்டும்? இங்கே தலைகீழாக நடக்கிறது.

ஒரு மில்லிலிட்டர் தண்ணீரில் சுமார் 0.05 மில்லிகிராம் டயசிபாம்தான் கரையும். ஊசிமருந்தில் இருப்பதோ 5 மில்லிகிராம், அதாவது நூறு மடங்கு. தண்ணீரோடு 40 சதவீதம் புரொப்பிலீன் கிளைக்காலும் 10 சதவீதம் எத்தனாலும் (சாராயத்தில் உள்ள ஆல்கஹால்) சேர்ந்திருப்பதுதான் இதற்கு முக்கியக் காரணம். இவற்றைத் துணைக்கரைப்பான்கள் என்பார்கள்.

நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பவை. எண்ணெய்ச் சுபாவமுள்ள மருந்து உள்ளே வர, அந்தப் பிடி விலகி இடம் விட வேண்டும். அப்படி விலகும் நீருக்குப் பதிலாகக் கொடுக்க மருந்திடம் பெரிதாக ஒன்றும் இல்லை. எத்தனாலுக்கு இரண்டு முகம் உண்டு: ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த) பக்கம் நீரோடு ஒட்டும், கார்பன் பக்கம் மருந்தோடு ஒத்துப்போகும். அது கலந்ததும் நீரின் பிடி தளர்கிறது.

எதையாவது கலந்து கரைத்தால் போதும் என்று நினைத்தால் விபரீதம். 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற கிருமிக்கொல்லி மருந்தை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றார்கள். அது சிறுநீரகத்தைச் சிதைக்கும் நஞ்சு. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அங்கே புதிய மருந்துச் சட்டம் வந்தது.

சரி, கலங்கும் விஷயத்துக்கு வருவோம். துணைக்கரைப்பானின் அளவு கூட்டலாக ஏறினால், கரைதிறன் ஏறக்குறைய பெருக்கலாக ஏறும். கணக்குக்காக, ஒவ்வொரு 10 சதவீதத்துக்கும் கரைதிறன் இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீதத்தில், வெறும் தண்ணீரில் கரைவதைப்போல 32 மடங்கு கரையும். அந்த அளவுக்கு முழுதாக மருந்தைக் கரைத்துவிட்டு, சம அளவு தண்ணீரை ஊற்றுங்கள். மருந்தின் செறிவு பாதியாகி 16 ஆகும். துணைக்கரைப்பானும் பாதியாகி 25 சதவீதமாகும். ஆனால் 25 சதவீதம் தாங்குவது ஐந்தே முக்கால் மடங்குகூட இல்லை! பத்துப் பங்குக்கு மேல் வெளியே தள்ளப்படும். கலங்கலாகத் தெரிவது அதுதான்.

வேடிக்கை என்னவென்றால், இதே கணக்கில் 32 மடங்கு நீர்த்துவிட்டால் செறிவு 1க்கு இறங்கிவிடும். அதை வெறும் தண்ணீரே தாங்கும். அதனால் ஆபத்தெல்லாம் நடுவழியில்தான்.

ரத்தமும் பெரும்பாலும் தண்ணீர்தான். மருந்து ஏறும் இடத்தில் ரத்த ஓட்டம் குறைவாக இருந்தால் அந்த நடுவழியிலேயே அது தங்கிப் படிந்துவிடலாம். ரத்தக்குழாய் எரியும், வீங்கும். அதனால்தான் டயசிபாமைப் புறங்கையில் உள்ள சின்ன ரத்தக்குழாய்களில் போடுவதைத் தவிர்த்து, பெரியதாகப் பார்த்து, 5 மில்லிகிராமுக்கு ஒரு நிமிடமாவது எடுத்துக்கொண்டு மெதுவாக ஏற்றுகிறார்கள்.