நாக்கு குத்தினால் உள்ளே என்ன நடக்கிறது?

நாக்கில் பியர்சிங் போட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது வலிக்குமா என்றுதான். வலிக்கும். ஆனால் ஊசி நுழைந்து மறுபக்கம் வர ஓரிரு நொடிதான். யோசிக்க வேண்டிய விஷயம் அடுத்த ஒரு வாரத்து வீக்கமும், அதன்பின் வருஷக்கணக்கில் பல்லோடு உரசப்போகும் உலோகக் குண்டும்தான்.

கண்ணாடி முன் நின்று நாக்கைத் தூக்கிப் பாருங்கள். நடுவில் ஒரு மெல்லிய சவ்வு, இருபுறமும் நீலமாக ஓடும் சிரைகள். தமனிகள் இன்னும் ஆழத்தில் இருக்கின்றன. நடுக்கோட்டில் மட்டும் நார்த்திசுவால் ஆன தடுப்பு ஒன்று உண்டு. பெரிய இரத்தக்குழாய்களும் நரம்புகளும் அதற்கு இருபக்கமும் விலகியே ஓடுகின்றன. அதனால்தான் தொழில் தெரிந்தவர் முதலில் டார்ச் அடித்து அடிநாக்கைப் பார்ப்பார், பேனாவால் புள்ளி வைப்பார், இடுக்கியால் பிடித்துக்கொண்டு அப்புறம்தான் குத்துவார். சவ்வு நுனிவரை நீண்டிருந்தால், ‘உங்களுக்கு இது வேண்டாம்’ என்று திருப்பி அனுப்புகிறவரை நம்பலாம். பொதுவாகப் பயன்படுவது 14 கேஜ் ஊசி, அதாவது சுமார் 1.6 மி.மீ. தடிமன். காது குத்தும் துப்பாக்கியை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

குத்திய சில மணி நேரத்தில் நாக்கு தடிக்க ஆரம்பிக்கும். காயம்பட்ட இடத்தில் சுரக்கும் ஹிஸ்டமின் போன்ற பொருள்கள் நுண்குழாய்களின் சுவரைத் தளர்த்த, நீர் கசிந்து திசுவுக்குள் நிறைகிறது. இரத்த ஓட்டம் மிகுந்த தசை, அதுவும் ஓயாமல் அசைகிற தசை என்பதால் நாக்கில் இது கொஞ்சம் அதிகம்தான். மூன்று முதல் ஐந்து நாள் வரை வீக்கம் தூக்கலாக இருக்கும். ‘வாழைப்பழம்’ என்று சொல்லிப் பாருங்கள்: ழகரத்துக்கு நாக்கு நுனி பின்னால் வளைந்தாக வேண்டும், தடித்த நாக்கு அதற்கு மறுக்கும். பயப்பட வேண்டாம், வீக்கம் வடிந்தால் பேச்சு திரும்பிவிடும்.

இந்த வீக்கத்துக்கு இடம் விட்டுத்தான் முதல் நாள் நீளமான தண்டு (இரு முனையிலும் குண்டு உள்ள உலோகக் கம்பி) போடுகிறார்கள். குட்டையாகப் போட்டால் குண்டு சதைக்குள் புதைந்துவிடும். ஐஸ் துண்டுகளைச் சப்பலாம். ஆறிய கஞ்சி, தயிர் சாதம், இளநீர் போதும்; காரமும் சிகரெட்டும் மதுவும் ஆறும்வரை வேண்டாம். சாப்பிட்டதும் லேசான உப்புநீரால் கொப்பளியுங்கள்.

கிருமிகள் நிறைந்த வாயில் புண் வேகமாக ஆறுவது உடலின் அழகான ஏற்பாடு. உமிழ்நீரில் உள்ள ஹிஸ்டாட்டின் புரதங்கள் செல்களை நகரவைத்துக் காயத்தை மூட உதவுகின்றன. ஈரப்பதமும் துணை நிற்கிறது. தைப்பூசத்தில் நாக்கில் அலகு குத்தியவர்களின் துளை, அலகை எடுத்த பின் விரைவில் மூடிக்கொள்வதற்கும் இதுவே காரணம். தண்டு உள்ளேயே இருந்தால் கதை வேறு. துளை மூட முடியாமல், அதன் சுவரில் புதுத் தோல் வளர்ந்து குழாய்போல் ஆகிறது. அதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும், சிலருக்கு இன்னும் கூடுதல். இடையில் வெள்ளையாக வடிகிற நீர் பெரும்பாலும் நிணநீர்தான்.

ஆனால் காய்ச்சல், தாடைக்கு அடியில் வீக்கம், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், இவற்றில் ஒன்று வந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாயின் அடித்தளத்தில் பரவும் தொற்று மூச்சுப்பாதையையே அடைத்துவிடக்கூடியது. செயற்கை வால்வு பொருத்தியவர்கள், பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது: வாய்க் கிருமிகள் இரத்தத்தில் கலந்து இதயத்தின் உள்சுவரில் தங்கிவிடலாம்.

எல்லாம் நல்லபடியாக ஆறியபின் பலர் மறந்துவிடுவது தண்டை மாற்றுவதை. வீக்கம் வடிந்ததும், சில வாரங்களில் குத்தியவரிடமே போய்க் குட்டையான தண்டு போட்டுக்கொள்ள வேண்டும். நீளத் தண்டு வாய்க்குள் ஆடிக்கொண்டே இருக்கும், குண்டைப் பல்லில் தட்டிக்கொண்டிருப்பது அறியாமலே பழக்கமாகிவிடும். எனாமல் உடலிலேயே கடினமான பொருள், ஆனால் நொறுங்கும் தன்மை உடையது. திரும்பத் திரும்ப அடிபட்டால் விரிசல் விடும். கீழ்வரிசை முன்பற்களின் உட்பக்க ஈறு மெல்ல இறங்கும், அடியில் உள்ள எலும்பும் தேயும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வாய்ப் பியர்சிங்கே வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பல் மருத்துவரிடம் போகும்போதெல்லாம் அந்த உட்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இறங்கிய ஈறு தானாக மேலே ஏறாது. இறங்கத் தொடங்கியது தெரிந்தால் அன்றே கழற்றிவிடுங்கள்.