‘பையுடனும்’ வந்த வினை: டாக்டிக்கல் பேக்பேக் – சொல் விளக்கம்

இணையக் கடை ஒன்றின் தமிழ்ப் பக்கத்தில் ‘தந்திரோபாய பையுடனும்’ என்று ஒரு பொருள் விற்பனைக்கு இருந்தது. பையுடன் வேறு என்ன தருகிறார்கள் என்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. டாக்டிக்கல் என்பதைத் ‘தந்திரோபாய’ என்றும், பேக்பேக் என்பதைப் ‘பையுடனும்’ என்றும் மொழிபெயர்ப்பு இயந்திரம் பெயர்த்திருக்கிறது. முன்னால் நிற்கும் தந்திரோபாயத்தைப் படித்தால் மந்திரவாதி தோளில் மாட்டும் பை என்றுதான் தோன்றும். படத்தில் இருந்ததோ, காட்டில் ஓரிரண்டு இரவு தங்கப் போகிறவர் வாங்கக்கூடிய தடித்த நைலான் பை.

பேக்பேக் என்ற சொல்லுக்கு வயது அதிகமில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் புழங்கத் தொடங்கியது. முதுகு, பொதி என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. அதற்கு முன்பே ஜெர்மன் மொழியிலிருந்து ‘ரக்சாக்’ ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. அதற்கும் முதுகுச் சாக்கு என்பதே பொருள். நம் சாக்குப் பையில் உள்ள ‘சாக்கு’ கூட டச்சு மொழியில் பையைக் குறிக்கும் ‘ஸாக்’ என்பதோடு உறவுடையது என்பார்கள். அப்படியானால் சாக்குப் பை என்பது பைப்பை!

இவற்றைவிடச் சுவையானவை பழைய இரண்டு சொற்கள். ‘ஹேவர்சாக்’ குதிரைக்கான ஓட்ஸ் தானியம் போட்டுவைத்த பை. ‘நேப்சாக்’ என்பதன் முதற்பகுதி கடித்துத் தின்பதைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது. ஆக, தீனிப் பை. முதுகு பெயரில் ஏறுவதற்கு முன்னால் வயிறுதான் இருந்திருக்கிறது.

தமிழிலும் அப்படியே. நாலடியாரில் ‘தோட்கோப்புக் காலத்தால் கொண்டுய்ம்மின்’ என்று வருகிறது. தோட்கோப்பு என்றால் வழிப்பயணத்துக்குத் தோளில் மாட்டிச் செல்லும் கட்டுச்சோறு. அங்கே அது அறத்துக்கு உவமை. ஆனால் உவமையாகும் அளவுக்குப் பொருள் பழகியிருந்தது என்பது நமக்குப் போதும். புறநானூற்றில், அதியமானின் வாயிலில் காக்க வைக்கப்பட்ட ஒளவையார் சினந்து, ‘காவினெம் கலனே, சுருக்கினெம் கலப்பை’ என்கிறார். இது உழுகிற கலப்பை அன்று. கலம் வைக்கும் பை. யாழும் முழவும் போன்ற கருவிகளை இட்டுக் கட்டும் மூட்டை. நன்னனைக் காண மலை வழி நடக்கும் மலைபடுகடாத்துக் கூத்தர்களின் கலப்பைகள், பலா மரத்தில் காய்த்துத் தொங்கும் கொத்துகளைப் போல இருந்தனவாம். முதுகுப்பை மாட்டிய மலையேற்றக் குழு ஒன்றைப் பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த உவமை புரியும்.

அவர்கள் சுமந்தது முதுகில் அல்ல, ‘கா’ என்னும் தோள் தண்டில். அதனால்தான் ‘காவினெம்’. நாம் தலையில் சுமந்தோம், இடுப்பில் சுமந்தோம், தோளில் சுமந்தோம். முதுகு என்றால் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்துக் கூடைதான் எனக்கு உடனே நினைவுக்கு வருகிறது. பைக்குப் பெயர் வைக்கும்போதும் எந்த உறுப்பில் தொங்குகிறது என்று நாம் அதிகம் பார்ப்பதில்லை; உள்ளே என்ன இருக்கிறது, வாய் எப்படி மூடுகிறது என்றே பார்க்கிறோம். பள்ளிப் பிள்ளை முதுகில் மாட்டினாலும் அது புத்தகப் பைதான். பாட்டியின் இடுப்பில் இருப்பது சுருக்குப் பை.

இருந்தாலும் பேக்பேக்குக்கு முதுகுப்பை என்பதே சரி என்பேன். தோள்பை என்று எழுதினால் ஒரு பக்கமாகத் தொங்கும் ஜோல்னாப் பை கண்முன் வந்துவிடும். ஒருவேளைச் சோறும் தண்ணீரும் கொள்ளும் சிறு பைக்குத் தோட்கோப்பு என்று பெயர் சூட்ட எனக்கு ஆசைதான். கடைக்காரரிடம் கேட்கும் துணிவு இன்னும் வரவில்லை.

இனி டாக்டிக்கல். கிரேக்கத்தில் இதன் வேர்ச்சொல்லுக்கு ஒழுங்குபட நிறுத்துதல் என்று பொருள். படையை வரிசையாக வகுக்கும் கலை அதிலிருந்து பிறந்தது. தந்திரத்துக்கு அங்கே இடமில்லை. நம்மிடம் ‘அணி’ இருக்கிறது. படை வரிசையும் அணி, நகையும் அணி. இன்று விற்கும் பல டாக்டிக்கல் பைகளுக்கு இரண்டாவது பொருளே பொருந்துகிறது. விளம்பரத்தில் அந்தச் சொல் ‘படைவீரர் பையைப் போன்ற தோற்றம்’ என்பதற்கு மேல் எதையும் உறுதி செய்வதில்லை. ஆகவே படைப்பாணி முதுகுப்பை என்று எழுதலாம். இராணுவப் பை என்று எழுதினால் படையே வழங்கியது என்று பொருளாகிவிடும்.

அந்தத் தோற்றத்தின் அடையாளம் வெளியே வரிவரியாகத் தைத்த நாடாக்கள். 1970களில் ‘ஆலிஸ்’ என்ற சுமைக்கருவித் தொகுதியைப் பயன்படுத்திய அமெரிக்கப் படை, 1990களின் இறுதியில் ‘மோலி’க்கு மாறியது. இரண்டும் நீண்ட பெயர்களின் முதலெழுத்துச் சுருக்கங்கள். பெண் பெயராக வந்து விழும்படி யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள். மோலியில் ஓர் அங்குல நாடாக்களை ஓர் அங்குல இடைவெளி விட்டு, ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு தையல் போட்டுப் பிடித்திருப்பார்கள். சிறு பைகளை அவற்றில் கோத்துக்கொள்ளலாம். தோல்பட்டைக்கு ‘வார்’ என்ற பழஞ்சொல் இருப்பதால் இதை வார்வரிசை எனலாம். ஓரிரவுப் பயணத்துக்கு அதில் ஒரு முதலுதவிப் பை, ஒரு தண்ணீர்ப் பை போதும். கண்டதையும் தொங்கவிட்டால் புதரில் மாட்டும்.

உழைக்குமா என்பதற்கு விளம்பரத்தைவிட ‘டெனியர்’ நல்ல சாட்சி. 9,000 மீட்டர் இழை எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுவே டெனியர் எண். இழையெடை என்று சொல்லலாம். இந்தச் சொல் பழைய பிரெஞ்சு நாணயத்தின் பெயர். அதன் மூதாதை ரோமானிய தெனாரியஸ். கோவை வெள்ளலூரில் புதையலாகக் கிடைத்த அதே வெள்ளிக்காசு! குறுகிய பயணத்துக்கு 500 டெனியர் நைலான் தாராளம். 1,000 என்றால் முள்ளுக்கும் பாறைக்கும் இன்னும் அஞ்சாது, ஆனால் பை காலியாக இருக்கும்போதே கனக்கும். அதே எண் போட்ட பாலியஸ்டரை நைலானுக்கு நிகராக எண்ண வேண்டாம். பெரும்பாலும் துணிக்கு முன்னால் தையலும் ஜிப்பும்தான் கைவிடுகின்றன. தோள்வார் பையோடு சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். திருப்பூர்த் தையல்காரர்கள் ‘பார்டாக்’ என்று சொல்லும் நெருக்கமான குறுக்குத் தையல் அங்கே இல்லையென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கொள்ளளவு ஒரு பகல் நடைக்கு 20 முதல் 30 லிட்டர். கூடாரமும் படுக்கையும் சேர்ந்தால் 40, 50. அந்த அளவில் இடுப்புப்பட்டை மெத்தென்று அகலமாக இருக்க வேண்டும், ஏனெனில் பாரத்தின் பெரும்பங்கை இடுப்பெலும்புதான் தாங்க வேண்டும். படைப்பாணிப் பைகள் பலவற்றில் அந்த இடத்தில் வெறும் நாடாவே இருக்கிறது. உருமறைப்பு நிறமும் எனக்கு உடன்பாடில்லை. வழி தவறினால் தேடி வருபவர் கண்ணில் படுவதுதானே நமக்கு வேண்டும்?

இன்னும் ஒரு பெயர் மிச்சம். பை பாதி காலியானதும் உள்ளிருப்பவை குலுங்காமல் பக்கவாட்டில் இழுத்து இறுக்கும் பட்டைகள் உண்டு. அவற்றைச் ‘சுருக்குவார்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். யார் சுருக்குவார் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஒளவையார், வேறு யார்?