அத்தைக்குப் பணிவிடை, அப்பாவின் பென்ஷன்

நவம்பர் வந்தால் டெல்லித் தமிழர் வீடுகளில் ஸ்வெட்டர் வெளியே வரும், பென்ஷன்காரர்கள் உயிர்ச்சான்று கொடுக்கக் கிளம்புவார்கள். ஆடிட்டரான என்னிடம் அந்த மாதம் வருவதில் பாதி பென்ஷன் கேள்விதான்.

அப்படித்தான் மயூர் விஹாரிலிருந்து ஓர் அம்மா வந்தார். போலியோவால் இரு கால்களும் பலவீனம். அப்பா மத்திய அரசு ஊழியர். பெற்றோர் இருவரும் காலமான பின், மாற்றுத்திறனாளி மகளுக்கான வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் இவருக்கு வருகிறது. பக்கவாதத்தில் படுத்திருக்கும் அத்தையை இவர்தான் பார்த்துக்கொள்கிறார். அதற்காக அத்தை மகன் கலிஃபோர்னியாவிலிருந்து மூன்று மாதமாக மாதம் 15,000 ரூபாய் அனுப்புகிறார். வங்கிக் குறிப்பில் ‘கேர்கிவர் சாலரி’ என்று வேறு எழுதியிருக்கிறார்.

“சம்பளம்னு நான் கேட்கவே இல்லை சார். வெளியாளுக்குக் கொடுக்கறதை நீயே வெச்சுக்கோன்னான்.”

நியாயமான பேச்சுதான். ஆளைத் திருப்பிப் படுக்க வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எத்தனை பெரிய வேலை என்று. ஆனால் பென்ஷன் விதி பார்ப்பது வருமானத்தை. முன்பு 9,000 ரூபாயும் அகவிலை நிவாரணமும்தான் எல்லோருக்கும் ஒரே எல்லை. 2021 பிப்ரவரி 8 உத்தரவுக்குப் பின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு எல்லை ஆளுக்கு ஆள் மாறும். பென்ஷன் அல்லாத மற்ற வருமானமெல்லாம் சேர்ந்து, இறந்தவரின் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமும் அதன் மீதான அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகையைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

இவருடைய அப்பாவின் கணக்கில் கடைசிச் சம்பளம் 30,000. அதில் 30 சதவீதம் 9,000. 2025 ஜூலை முதலான 58 சதவீத நிவாரணத்தைச் சேர்த்தால் 14,220. இவருக்கு வருவதோ 15,000, அதோடு டெபாசிட் வட்டி 1,200. ஆக, 15,000 வாங்கப்போய் பென்ஷனான 14,220 போகும். அதோடு மத்திய அரசின் மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். கார்டும் ஆட்டம் காணும். அப்பாவின் சம்பளம் 50,000 ஆக இருந்திருந்தால் எல்லை 23,700. இதே பணத்தை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

டெல்லி அரசின் மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்குபவர்களுக்கு இடம் இன்னும் குறுகல்: குடும்பத்தின் ஆண்டு வருமானமே 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது.

சரி, என்ன செய்வது? மருந்துக்கடை ரசீதுகளை மேசையில் பரப்பினோம். டயப்பர், பிசியோதெரபி, மாத்திரை எல்லாம் சேர்ந்து மாதம் 7,000 ஆகிறது. அது அத்தையின் செலவு. அதுவும் சம்பளம் என்ற பெயரில் இவர் கணக்கில் வந்து விழுந்தால் யார் பிரித்துப் பார்ப்பார்கள்? இனி அந்தப் பணம் அத்தையின் கணக்குக்கே போகட்டும், உழைப்புக்கான 8,000 மட்டும் இவருக்கு வரட்டும் என்றேன். வட்டியோடு 9,200, எல்லைக்குள். வாங்கிய மூன்று மாதத்தையும் வருமான உறுதிமொழியில் எழுதச் சொன்னேன்.

‘பரிசு’ என்று எழுதிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். சம்பளத்தைப் பரிசாக்கும் வேலையை நான் செய்வதில்லை. போதாக்குறைக்கு, வருமான வரிச் சட்டத்தில் அத்தை மகன் ‘உறவினர்’ பட்டியலிலேயே இல்லை. அப்படிப்பட்டவர்களிடமிருந்து வருவது எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 50,000 தாண்டினால் பரிசுக்கும் வரி உண்டு.

கலிஃபோர்னியாக்காரருக்கு ஃபோனில் விளக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அங்கேயும் ஊனத்துக்கான சமூகப் பாதுகாப்பு உதவி பெறுபவர் பொதுவாக மாதம் 1,620 டாலருக்கு மேல் சம்பாதித்தால் சிக்கல்தான், அது 2025 கணக்கு. அத்தைக்கு விளக்கத்தான் நேரமானதாம். எழுபத்தாறு வயதில், தன் பெயரில் முதல் பாஸ்புக்.