எது மேல் பக்கம்?

மெல்போர்னில் படங்களுக்கு ஃபிரேம் போடுவது என் தொழில். போன மாதம் ஒரு அம்மா ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போய்வந்த கையோடு, பழங்குடி ஓவியர் ஒருவர் வரைந்த, சுருட்டிய கேன்வாஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். மேசையில் விரித்ததுமே, "தம்பி, இதுல எது மேல் பக்கம்?" என்றார். எல்லோரும் கேட்பதுதான். பாலைவன ஓவியர்கள் பெரும்பாலும் துணியைத் தரையில் விரித்து, பக்கத்தில் உட்கார்ந்து, நான்கு புறமும் நகர்ந்து நகர்ந்து வரைகிறார்கள். மேல் கீழ் என்பதெல்லாம் சுவரில் மாட்டும்போது நமக்கு வருகிற சிக்கல். நான் திருப்பிக் கேட்டது வேறு: "இதோட வந்த தாள் எங்கம்மா?" கசங்கிப்போனதால் ஹோட்டல் அறையிலேயே போட்டுவிட்டாராம்.

எனக்குச் சுருக்கென்றது. வரைந்தவர் யார், எந்த ஊர், எந்தக் கதை, அந்த ஓவியர்களின் படங்களைப் பதிவுசெய்து விற்கும் கலை மையத்தின் பதிவு எண் என்ன என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கும்.

இது ஏன் முக்கியம் என்று கேட்பவர்களிடம் கிளிஃபோர்ட் பாஸம் ஜாபல்ஜாரி என்ற ஓவியரைப் பற்றிச் சொல்வேன். அன்மாட்டியர் என்ற பழங்குடி இனத்தவர். மாட்டுப் பண்ணைகளில் வேலை பார்த்தவர், மரத்தில் அருமையாகச் செதுக்குவார், 1970களின் தொடக்கத்தில் பப்புன்யா என்ற பாலைவனக் குடியிருப்பின் ஓவியர்களோடு சேர்ந்தார். 1977-இல் அவர் வரைந்த 'வார்லுகுலாங்' மூன்று மீட்டருக்கு மேல் அகலம். கங்காரு கறியைப் பங்கு தராமல் தின்றுவிட்ட இரண்டு மகன்களைத் தீ மூட்டித் தண்டித்த நீலநாக்குப் பல்லி மனிதனின் கதை அது. வலது பக்கத்தில் அந்த மகன்களின் எலும்புக்கூடுகள் கிடக்கும். ஒரு வங்கி அதை 1,200 டாலருக்கு வாங்கி, பயிற்சி மையத்தின் கேன்டீனில் மாட்டியிருந்தது. 2007-இல் அதே படம் 24 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. படம் மறுபடி விற்கப்படும்போது ஓவியருக்கோ வாரிசுக்கோ 5 சதவீதம் தரச் சொல்லும் மறுவிற்பனை உரிமைத்தொகைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2010-இல்தான், அதனால் அந்த ஏலத்தில் குடும்பத்துக்கு அப்படி எதுவும் சேரவில்லை. அவரும் 2002-லேயே இறந்துவிட்டிருந்தார்.

இதைவிட என்னை உலுக்குவது 1999-இல் நடந்தது. தன் பெயரில் விற்ற படங்களை அவரே நேரில் பார்த்து, "இது நான் வரைந்ததில்லை" என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டிவந்தது. வரைந்தவர் உயிரோடு இருக்கும்போதே இந்தப் பாடு!

சரி, படத்தைப் பார்த்துக்கொள்வதற்கு வருவோம். சுருட்டும்போது வண்ணப்பக்கம் வெளியே இருக்கட்டும். உள்ளே வைத்தால் ஆக்ரிலிக் நெருக்கப்பட்டு வெடிப்பு விடும், வெயிலில் இளகி ஒட்டியும் போகும். குமிழி பிளாஸ்டிக்கை நேரே சுற்றினால் வட்ட வட்டமாகத் தடம் பதிந்துவிடும், அது போகவே போகாது. வண்ணத்தில் ஒட்டிய செம்மண்ணைத் துடைக்காதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஈரத்துணியால் ஒரு படத்தைத் துடைத்தேன், மண்ணோடு ஒரு வரிசைப் புள்ளியும் மங்கிவிட்டது. அந்த வாடிக்கையாளர் திட்டவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. அப்புறம், ஃபிரேமுக்காக ஓரத்தை வெட்டச் சொல்லவே சொல்லாதீர்கள். பின்பக்கம் எழுதிய எண்கள் அங்கேதான் இருக்கும்.

அந்த அம்மாவின் படத்திலும் மூலையில் பென்சிலால் எழுதிய ஒரு எண் இருந்தது. ரசீதில் கலை மையத்தின் பெயரும் இருந்ததால், போன் செய்து கேட்டோம். இரண்டு நாளில் புதுத் தாள் மின்னஞ்சலில் வந்தது. அதை உறையில் போட்டு ஃபிரேமின் முதுகிலேயே ஒட்டிக் கொடுத்தேன்.