நாயை மல்லாக்கத் தள்ளி அமுக்காதீர்கள்

"டாக்டர், ஊசி போட்டு முடிச்சிடுங்க. இனிமே இதை வீட்ல வெச்சிருக்க முடியாது." போன வாரம் ஒருவர் தன் லேப்ரடாரோடு வந்து இப்படிச் சொன்னார். வலது கையில் பெரிய கட்டு. விசாரித்தேன். காதைத் துடைக்கப் போனபோது நாய் உறுமியிருக்கிறது. உறுமினால் விடக்கூடாது, மல்லாக்கத் தள்ளிக் கழுத்தை அமுக்கி, அடங்கும்வரை பிடித்திருக்க வேண்டும் என்று எங்கோ ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறார். அப்படியே செய்தார். முதலில் அடங்கியது. அடுத்த முறையும் அடங்கியது. அதற்கடுத்த முறை உறுமவே இல்லை, நேராகக் கையைக் கவ்விவிட்டது.

காதைத் திறந்து பார்த்தால் உள்ளே சீழ். மேசைக்கு இந்தப் பக்கம் வரை நாற்றம். அந்தக் காதைப் பிடித்து இழுத்தால் நானும் கடிப்பேன்.

இது ஒரே ஒரு கேஸ் என்றால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். நாய் மாறுகிறது, ஊர் மாறுகிறது, கதை மட்டும் மாறுவதில்லை. "டிவில அவர் செய்யறப்ப சரியா வருதே டாக்டர்?" என்ற கேள்வியும் மாறுவதில்லை. சரி, அந்த டிவியைப் பற்றியே பேசுவோம்.

டிவியில் நாய்களைப் பழக்குவது புதிதல்ல. 1980-லேயே பிபிசியில் பார்பரா வுட்ஹவுஸ் என்ற அம்மையார், எழுபதை நெருங்கும் வயதில், கையில் சோக் செயினோடு (இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி) வந்து பிரிட்டன் முழுக்கப் பிரபலமானார். ஆனால் இன்று என் கிளினிக்குக்கு வருபவர்கள் மனதில் இருப்பது சீசர் மில்லன். மெக்ஸிகோவில் பிறந்து, அமெரிக்காவில் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டும் கடையில் வேலை பார்த்து மேலே வந்தவர். 2004 முதல் 2012 வரை நேஷனல் ஜியாகிரஃபிக் சேனலில் அவருடைய 'டாக் விஸ்பரர்' ஓடியது. நாய்க்கு நீங்கள் தலைவனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அது உங்களுக்குத் தலைவனாகிவிடும் என்பது அவர் பேச்சின் அடிநாதம். விரலால் கழுத்தில் ஒரு குத்து, 'ட்ஷ்' என்று ஒரு சத்தம், தேவைப்பட்டால் தரையில் சாய்த்து அமுக்குவது.

அதே காலத்தில், 2005-ல், பிரிட்டனின் சேனல் 4-ல் விக்டோரியா ஸ்டில்வெல் 'இட்ஸ் மீ ஆர் தி டாக்' நிகழ்ச்சியோடு வந்தார். அவரிடமும் அதே மாதிரி நாய்கள்தான்: குரைப்பவை, கடிப்பவை, சோபாவைக் கிழிப்பவை. அவர் நாயைவிட ஓனரைத்தான் அதிகம் திட்டுவார். நாய் சரியாகச் செய்ததும் தின்பண்டம், விளையாட்டு, பாராட்டு. தவறாகச் செய்தால் கவனத்தைத் திருப்புவது, அல்லது அந்தச் சூழ்நிலையே வராமல் பார்த்துக்கொள்வது. இந்த நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுக் கையில் கட்டோடு யாரும் என்னிடம் வந்ததில்லை.

மில்லன் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் ஒன்றுமில்லை. நாயை நன்றாக நடக்க வையுங்கள், ஓட வையுங்கள் என்று அவர் சொல்வதை நானும் தினமும் சொல்கிறேன். மாடி பிளாட்டில் ஜெர்மன் ஷெப்பர்டைக் கட்டிப்போட்டுவிட்டு அது ஏன் கத்துகிறது என்று கேட்பவர்கள் அந்தப் பகுதியை மட்டுமாவது பார்க்கலாம். ஆனால் அந்த நிகழ்ச்சியிலேயே, நிபுணரைக் கேட்காமல் இந்த முறைகளை நீங்களாகச் செய்யாதீர்கள் என்று எழுத்தில் ஓடும். அதை யாரும் படிப்பதில்லை. 2006-லேயே அமெரிக்கன் ஹியூமேன் அசோசியேஷன் என்ற விலங்கு நல அமைப்பு அந்த நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லி சேனலைக் கேட்டது. 2012-ல் ஹோலி என்ற லேப்ரடார், சாப்பாட்டுத் தட்டு விஷயத்தில், கேமரா முன்னாலேயே மில்லனின் கையைக் கடித்தது. அந்தக் காட்சி இணையத்தில் இன்றும் கிடைக்கிறது. சத்தத்தை அணைத்துவிட்டு நாயை மட்டும் பாருங்கள். கடிக்கும் முன் அது எத்தனை முறை முகத்தைத் திருப்புகிறது, நாக்கால் மூக்கை நக்குகிறது, உடம்பை விறைக்கிறது என்று தெரியும். அத்தனை அனுபவம் உள்ளவருக்கே அந்தக் கதி.

இப்போது அந்த 'ஆல்ஃபா', அதாவது 'கூட்டத்தின் தலைவன்' விவகாரம். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கிளினிக்கில் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சிசாலையில் ஓநாய்களைக் கவனித்து, 1947-ல் எழுதினார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஓநாய்களைப் பிடித்து ஒரு சின்ன அடைப்புக்குள் போட்டிருந்தார்கள். தப்பிக்க வழியில்லை. அவை சண்டை போட்டன, ஜெயித்தது மேலே வந்தது. அதைப் பார்த்து 'தலைவன் ஓநாய்' என்ற கருத்து பிறந்தது. பிக்பாஸ் வீட்டைப் பார்த்துவிட்டுத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இப்படித்தான் வாழ்கின்றன என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவது போலத்தான் அது.

அந்தக் கருத்தை 1970-ல் புத்தகத்தில் எழுதி உலகமெங்கும் கொண்டுபோனவர் டேவிட் மெக் என்ற அமெரிக்க ஓநாய் ஆய்வாளர். பிறகு அவரே கனடாவின் எல்ஸ்மியர் தீவில், 1986 முதல் கோடைக்குக் கோடை, காட்டு ஓநாய்களோடு போய் உட்கார்ந்து பார்த்தார். அங்கே ஆட்சியைப் பிடிக்கும் சண்டை எதையும் காணவில்லை. ஓர் அப்பா, ஓர் அம்மா, அவற்றின் குட்டிகள், போன வருடத்துக் குட்டிகள். அவ்வளவுதான் அந்தக் 'கூட்டம்'. குட்டிகள் வளர்ந்ததும் ஜோடி தேடித் தனியே போய்விடும். 1999-ல் இதை விளக்கிக் கட்டுரை எழுதினார். 'ஆல்ஃபா' என்று சொல்வதை விடுங்கள் என்றார், தன் பழைய புத்தகத்தை அச்சிட வேண்டாமென்று பதிப்பகத்தையும் கேட்டார். எழுதியவரே வாபஸ் வாங்கியாகிவிட்டது. நம் ஆட்கள் இன்னும் விடவில்லை.

இத்தனைக்கும் நாய் ஓநாயே இல்லை. பல்லாயிரம் வருடமாக மனிதனோடு சோறு தின்று பழகிய பிராணி. அது சோபாவில் ஏறுவது சோபா மெத்தென்று இருப்பதால். வாசலில் உங்களை முந்திக்கொண்டு ஓடுவது வெளியே போகும் ஆசையில். உங்களுக்கு முன்னால் சாப்பிடுவது பசியால். உங்கள் வீட்டுத் தலைமைப் பொறுப்பு அதற்கு வேண்டாம். மின் கட்டணத்தை யார் கட்டுவது?

மல்லாக்கத் தள்ளும் முறையை 1970-களின் இறுதியில் பரப்பிய நியூயார்க் மாநிலத்துத் துறவிகள் சிலர்கூட, பின்னாளில் அதைச் செய்ய வேண்டாம் என்று எழுதினார்கள். 2008-ல் கால்நடை நடத்தை மருத்துவத்துக்கான அமெரிக்கச் சங்கம், ஆதிக்கக் கோட்பாட்டை வைத்து நாயைத் திருத்தாதீர்கள் என்று அறிக்கையே வெளியிட்டது. 2009-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை ஆய்வு ஒன்று வந்தது. நடத்தைப் பிரச்சினைக்காக வந்த 140 ஓனர்களிடம் என்னென்ன முறைகளைச் செய்து பார்த்தீர்கள், நாய் என்ன செய்தது என்று கேட்டார்கள். அடித்தவர்கள், உதைத்தவர்களில் 43 சதவீதம் பேரிடம் நாய் பதிலுக்குச் சீறியிருக்கிறது அல்லது கடித்திருக்கிறது. மல்லாக்கத் தள்ளி அமுக்கியவர்களில் 31 சதவீதம். 2020-ல் போர்ச்சுகலில் 92 நாய்களை வைத்து நடந்த ஆய்வில், தண்டித்துப் பழக்கும் இடங்களில் படித்த நாய்களின் எச்சிலில் பயிற்சிக்குப் பிறகு கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் கூடியிருந்தது. பயந்த நாய் அமைதியாக இருக்கும். டிவி அதை 'அடங்கிவிட்டது' என்று காட்டும்.

உறுமலுக்கு வருகிறேன். உறுமுவது திமிர் இல்லை. "தள்ளிப் போ, எனக்கு இது வேண்டாம்" என்று நாய் வாய்விட்டுச் சொல்வது. அதற்கு அடி விழுந்தால் நாய் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: உறுமினால் ஆபத்து. வலியோ பயமோ அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். "எந்த அறிகுறியும் இல்லாம திடீர்னு கடிச்சிடுச்சு டாக்டர்" என்று வருபவர்களிடம் முன்பு உறுமினால் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், பாதிப் பேர் தரையைப் பார்க்கிறார்கள். உங்கள் நாய் உறுமினால் நில்லுங்கள். பின்வாங்குங்கள். எதைத் தொட்டபோது, யார் பக்கத்தில் இருந்தபோது என்று குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தக் குறிப்பு ரத்தப் பரிசோதனையைவிட உதவும்.

டிரெய்னரைக் கூப்பிடும் முன் டாக்டரிடம் காட்டுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். காதில் சீழ், உடைந்த பல், இடுப்பு மூட்டு வலி, தைராய்டு குறைவு, வயதான நாய்க்குப் பார்வைக் குறைவு, எல்லாமே 'கோபக்கார நாய்' என்ற பெயரில்தான் வருகின்றன. ராஜபாளையம் வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: அந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் அதிகம். "சொன்ன பேச்சே கேட்கறதில்லை, ரொம்பப் பிடிவாதம்" என்று அடித்து வளர்த்த குட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். பேச்சைக் கேட்க முதலில் காது கேட்க வேண்டாமா?

அப்புறம் இந்த 'லஞ்சம்' பேச்சு. தின்பண்டம் கொடுத்துப் பழக்குங்கள் என்றால், "லஞ்சம் கொடுத்தா பழக்கறது? நம்ம நாட்டு நாய்க்கெல்லாம் அடிதான் சரிப்படும்" என்கிறார்கள். மாதக் கடைசியில் உங்களுக்கு வருவதைச் சம்பளம் என்கிறோம், நாய்க்குத் தந்தால் மட்டும் அது லஞ்சமா? கொல்கத்தாவில் உள்ள ஐசர் என்ற அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெரு நாய்களை வைத்தே ஆய்வு செய்கிறது. அவர்கள் 2017-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையின்படி, முன்பின் தெரியாத மனிதர் திரும்பத் திரும்ப வந்து பழகும்போது, தெரு நாய்கள் சாப்பாட்டைவிடத் தடவிக்கொடுத்தவரையே அதிகம் நம்பின. அடி கேட்டு எந்த நாட்டு நாயும் வரிசையில் நிற்கவில்லை.

எதைக் கொடுப்பது என்றால், உப்பு மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி ஈரல், கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கியது. அந்த அளவைத் தினசரிச் சாப்பாட்டில் குறைத்துவிடுங்கள், லேப்ரடார்கள் ஏற்கெனவே பீப்பாய் மாதிரிதான் வருகின்றன. திராட்சை, சாக்லேட், வெங்காயம் கூடவே கூடாது.

சாப்பிடும் தட்டில் கையை விட்டு அளையாதீர்கள். "நான்தான் ஓனர்னு தெரியணும்ல" என்று பாதிச் சாப்பாட்டில் தட்டைப் பிடுங்குவது, தட்டைக் காவல்காக்க நாயைப் பழக்குவதுதான். தள்ளி நின்று, கடந்து போகும்போது தட்டுப் பக்கம் ஒரு ஈரல் துண்டைப் போட்டுவிட்டுப் போங்கள். நீங்கள் வந்தால் நல்லது வருகிறது என்று புரிந்ததும் உறுமல் தானே குறையும். ஏற்கெனவே கடித்த நாய் என்றால் இதையும் நீங்களாகச் செய்ய வேண்டாம், தனி அறையில் சாப்பிடட்டும். நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பேரன் நாயின் மேல் குதிரை ஏறுவதை வீடியோ எடுக்கும் தாத்தாக்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன்.

சோக் செயின், உள்பக்கம் முள் வைத்த காலர், ஷாக் காலர் மூன்றையும் குப்பையில் போடுங்கள். ஷாக் காலரை வேல்ஸ் நாடு 2010-லேயே தடை செய்துவிட்டது, இங்கே ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வருகிறது. பக் மாதிரி முகம் சப்பிய நாய்க்கு மூச்சு விடுவதே பாடு. கழுத்தை இறுக்கினால் கண்ணுக்குள் அழுத்தமும் ஏறும். மார்போடு மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள்.

கடி விழுந்துவிட்டால் முதலில் உங்களைக் கவனியுங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "நம்ம நாய்தானே, தடுப்பூசி போட்டிருக்கே" என்று வீட்டில் உட்காரக் கூடாது. உங்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி வேண்டுமா, உடனடிப் பாதுகாப்புக்கான இம்யூனோகுளோபுலின் வேண்டுமா என்பதை அங்குள்ள டாக்டர் முடிவு செய்யட்டும். நாயை 10 நாள் கண்ணில் படும்படி வைத்திருங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் அப்பாதீர்கள்.

டிரெய்னர் என்று போர்டு மாட்ட இங்கே எந்தப் படிப்பும் கட்டாயமில்லை, அதனால் நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். நாய் சரியாகச் செய்தால் என்ன தருவீர்கள், தப்பாகச் செய்தால் என்ன செய்வீர்கள் என்று நேராகக் கேளுங்கள். ஆல்ஃபா, தலைவன், அடக்கம் என்று பேச்சு போனால் தேங்க்ஸ் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். பத்தே நாளில் கேரண்டி என்றாலும் அப்படியே. "இங்கேயே விட்டுட்டுப் போங்க, ஒரு மாசத்துல ரெடி பண்ணித் தர்றேன், நடுவுல பார்க்க வராதீங்க, உங்களைப் பார்த்தா நாய் கெட்டுப்போகும்" என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. பயிற்சி நடக்கும்போது நீங்கள் பக்கத்தில் நிற்கக் கூடாது என்றால், நாயைக் கூட்டிக்கொண்டு அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.